பாதி நீலம், பாதி ஆரஞ்சு

எங்கள் கல்லூரிக்குக் கெட்ட செய்தி வந்தால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, பேராசிரியர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் பழகிப்போன சமாசாரம். "உங்களுடன் ஒரு மகிழ்ச்சியான செய்தியைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால்தான் எங்களுக்குப் பயம். எங்களுக்கு மென்பொருள் கொடுத்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டது என்று அதற்குப் பொருள்.

அந்த மென்பொருளில் பெரிய மாயம் எதுவும் இல்லை. மாணவர் சேர்ந்தது, தேர்வு எழுதியது, மதிப்பெண் வாங்கியது, பட்டத்தோடு வெளியே போனது எல்லாம் அதில் இருக்கும். அதை முதலில் செய்து கொடுத்தவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும். கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மாடியில் அவர்கள் அலுவலகம். கோளாறு என்றால் தம்பி வருவார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், "யாருய்யா இதைத் தொட்டது" என்று முதல்வர் உட்பட எல்லோரையும் ஒரு பிடி பிடிப்பார், சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். மரியாதை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆனால் வேலை நடந்தது.

பிறகு அவர்களை ஒரு நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனத்தை மற்றொன்று வாங்கியது. பெயர்களை நாங்கள் யாரும் மனப்பாடம் செய்துகொள்ளவில்லை. நாக்கில் ஏறுவதற்குள் மாறிவிடுவதால் சின்னத்தின் நிறத்தைச் சொல்லிப் பழகிவிட்டோம். முதலில் வாங்கியது நீலம். நீலத்தை வாங்கியது ஆரஞ்சு.

தேர்வுப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் மார்க் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவதும் சரிபார்ப்பதும் அவர் வேலை. சாது. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவருடைய அதிகபட்ச ஆவேசம் அதுதான். அவருடைய அக்கா மகள் எங்கள் கல்லூரியில்தான் நுண்ணுயிரியல் படித்தாள். "உன் மாமா இருக்கிற இடம், ஒரு குறையும் வராது" என்று சொல்லித்தான் அக்கா அவளை அங்கே சேர்த்திருந்தார். நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஊண் உறக்கம் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

நீலம் வாங்கியபோது கல்லூரி அரங்கத்தில் சாவி ஒப்படைப்பு விழா நடந்தது. உண்மையில் சாவி என்று ஒன்றும் இல்லை. புகைப்படத்துக்கு ஏதாவது கைமாற வேண்டும் என்று நிறுவனம் கேட்டதால், அட்டையில் முழ நீளத்துக்கு ஒரு சாவி வெட்டி, தங்க நிறக் காகிதம் ஒட்டி, முதல்வர் கையில் கொடுத்தோம். அவர் அதை நீல நிறுவனத்தின் வாடிக்கையாளர் வெற்றி மேலாளரிடம் கொடுத்தார். பதவியின் பெயரே அதுதான். வெற்றி வாடிக்கையாளருக்கா மேலாளருக்கா என்று நாங்களும் கேட்கவில்லை. நீலக் கழுத்துப்பட்டை, வாய் நிறையப் பல். அவரைச் சிரிப்பு மேலாளர் என்று நாங்கள் அன்றைக்கே பெயரிட்டுவிட்டோம்.

"நாங்க உங்க மென்பொருளை வாங்கலைங்க," என்றார் அவர் ஒலிவாங்கியில். "உங்க நம்பிக்கையை வாங்கியிருக்கோம். நாளைக்குக் காலைல வந்து உட்கார்ந்தா அதே திரை, அதே பட்டன். எதுவும் மாறாது. சேவையோட தரம் மட்டும்தான் மாறும்."

சொன்ன சொல் தவறாத மனிதர். சேவையின் தரம் மறுநாளே மாறியது. திட்டுகிற தம்பி காணாமல் போனார். அவர் இருந்த இடத்தில் ஒரு தொலைபேசி எண் வந்தது. அதை அழைத்தால் இனிமையான புல்லாங்குழல் வாசிப்பார்கள்.

ஆரஞ்சு வாங்கியபோது சாவி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மேடை ஏறியவர் அதே சிரிப்பு மேலாளர், கழுத்துப்பட்டை மட்டும் ஆரஞ்சு. கீழே இறங்கி வந்து ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, "உங்களை முதல் முறையா சந்திக்கிறதுல ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"போன தடவையும் நீங்கதானே வந்தீங்க?" என்றார் மார்க் அண்ணன்.

"அது பழைய நிறுவனத்துலங்க. இந்த நிறுவனத்துல இருந்து இப்பதான் முதல் தடவை வர்றேன்."

"அப்போ எதுவும் மாறாதுன்னு சொன்னீங்க."

"அவங்க சொன்னதுக்கு நான் எப்படிங்க பொறுப்பாக முடியும்?" என்று சிரித்துவிட்டு மேடையேறி, எதுவும் மாறாது என்று உரையைத் தொடங்கினார்.

இந்த முறை மாற்றம் கொஞ்சம் ஆழமாகப் போனது. நீல மென்பொருளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஆரஞ்சு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். மாணவர்களுக்குக் கற்றல் நுகர்வோர் என்று பெயர் மாற்றினார்கள். தேர்வில் தவறியவர் என்ற சொல் மனத்தைப் புண்படுத்துவதால் அதை எடுத்துவிட்டு, வெற்றி ஒத்திவைக்கப்பட்டவர் என்று போட்டார்கள். பதிவுகளை எல்லாம் புது வீட்டுக்குக் குடிமாற்றப் போகிறோம் என்றார்கள். குடிமாற்றியது தாங்கள் வந்த நாளுக்குப் பிந்தைய பதிவுகளை மட்டும்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. பழையவை நீலத்திலேயே கிடக்கும், வேண்டுமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எங்கோ இருந்ததாம். முதல்வர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார், படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அக்கா மகள் படிப்பை முடித்தாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் நேர்காணலுக்குப் போய்த் தேர்வும் ஆனாள். அக்கா எங்கள் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தனுப்பினார். சான்றிதழைச் சரிபார்ப்பது ஒன்றுதான் பாக்கி. மருத்துவமனைக்காரர்கள் மென்பொருள் நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குப் போய் மாணவர் எண்ணைத் தட்டுவார்கள், பச்சை விளக்கு எரிந்தால் வேலை.

மறுநாள் அவள் கைபேசியோடு தேர்வுப் பிரிவுக்கு வந்தாள். மார்க் அண்ணன் மேசையில் அதை வைத்தாள்.

"மாமா, இதைப் பாருங்க. நீலத்துல நான் ரெண்டாம் வருஷத்தோட படிப்பை நிறுத்திட்டேனாம். ஆரஞ்சுல நேரா மூணாம் வருஷத்துல வந்து சேர்ந்தேனாம். முதல் ரெண்டு வருஷம் படிக்காததால பட்டத்துக்குத் தகுதி இல்லையாம்."

"ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா?"

"சேர்த்துப் பார்த்தா நான் முழுசா இருக்கேன் மாமா. சேர்க்கிற பட்டன்தான் எங்கயும் இல்லை."

மார்க் அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். அந்த வகுப்பில் எல்லோருக்கும் இதே கதிதான். மற்றவர்களிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை, அதனால் அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

அவர் மதிப்பெண் பட்டியல்களை எல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். பணியாளர் பிரிவில் இருந்த அம்மாள் நல்லவர்தான். உட்காரச் சொன்னார், தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் பேப்பர்தானேங்க. பேப்பர்ல யார் வேணும்னாலும் எழுதலாமே."

"இதுல சரிபார்த்தவர்னு கையெழுத்து போட்டிருக்கிறது நான்தாங்க."

"அதைத்தான் சொல்றேன். நீங்க போட்டதை நீங்களே சரின்னு சொல்றீங்க. சிஸ்டம் சொல்லணும்."

"சிஸ்டத்துல மார்க் ஏத்தினதும் நான்தாங்க."

"அப்போ ஒழுங்கா ஏத்தியிருக்கலாமேங்க," என்றார் அந்த அம்மாள் வருத்தத்தோடு. மாதக் கடைசிவரை இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கு மாலையே மார்க் அண்ணன் உதவி எண்ணை அழைத்தார். கையில் வேலை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். அதன்பின் எங்கள் அறையில் புல்லாங்குழல் ஓய்ந்ததே இல்லை. விடைத்தாள் கட்டுகளை நாங்கள் அந்தத் தாளத்துக்குத்தான் பிரித்து அடுக்கினோம். கடைசியில் ஒரு பையன் குரல் வந்தது. மார்க் அண்ணன் விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார். கேட்டுவிட்டு, "ரெண்டு பதிவையும் இணைக்கிறது சின்ன வேலைதாங்க. உங்க கல்லூரியோட அங்கீகரிக்கப்பட்ட தொடர்பாளர் ஒப்புதல் கொடுத்தா உடனே பண்ணிடலாம்," என்றது குரல்.

"யாருங்க அந்தத் தொடர்பாளர்?"

குரல் ஒரு பெயரைப் படித்தது. எங்கள் பழைய கணினி அதிகாரியின் பெயர். அண்ணன் தம்பி காலத்து ஆள்.

"அவர் இறந்துட்டாருங்க."

"கேட்கவே கஷ்டமா இருக்குங்க. அவர்கிட்ட இருந்து ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தா போதும்."

"இறந்துட்டாருன்னு சொன்னேனேங்க."

"புரியுதுங்க. அவருக்கு எப்ப வசதிப்படுதோ அப்ப அனுப்பச் சொல்லுங்க, அவசரமில்லை."

"தொடர்பாளரை மாத்திடலாமா? என் பேரைப் போட்டுக்கோங்க."

"தாராளமா மாத்தலாங்க. அதுக்கும் தொடர்பாளரோட ஒப்புதல்தான் வேணும்."

இறப்புச் சான்றிதழை வாங்கி அனுப்பினோம். பதில் அன்பாகவே வந்தது. ஆவணத்தைப் பெற்றுக்கொண்டார்களாம், தொடர்பாளரின் நிலையை 'நீண்ட விடுப்பில்' என்று திருத்திவிட்டார்களாம், அவர் விரைவில் பணிக்குத் திரும்ப வாழ்த்துகளாம். புகாரை மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். 'தொடர்பாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது.

இறந்தவரின் கணக்குக்குள் நாமே நுழைந்து ஒப்புதல் கொடுத்தால் என்ன என்று நான்தான் சொன்னேன். சரியில்லைதான், வேறு வழியும் இல்லை. உள்ளே நுழைய ஒரு ரகசிய எண் அவருடைய கைபேசிக்கு வரும். அந்தக் கைபேசி எண் இப்போது ஒரு லாரி ஓட்டுநரிடம் இருந்தது. அவர் தங்கமான மனிதர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எண்ணைப் படித்துச் சொன்னார். உள்ளே போனால் திரை அடுத்த கேள்வியைக் கேட்டது: உங்களுக்குப் பிடித்த நிறம் எது?

மார்க் அண்ணன் அதிகாரியின் மனைவியிடம் தொலைபேசியில் பேசினார். அந்த அம்மாள் வெகுநேரம் யோசித்தார்.

"பிடிச்ச நிறமா? அவர் அப்படியெல்லாம் சொன்னதே இல்லையே தம்பி. நானும் கேட்டதில்லை."

பச்சை என்று போட்டோம். தப்பு. வெள்ளை என்று போட்டோம். தப்பு. நிறுவனத்துக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஆரஞ்சு என்று போட்டோம். கணக்கு பூட்டிக்கொண்டது. அதைத் திறக்க வேண்டுமானால் தொடர்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்றது திரை.

முதல்வரிடம் போனோம். அவர் அறையில் அந்த ஆள் உயரச் சாவி சுவரில் சாய்ந்து நின்றது. விஷயத்தைக் கேட்டதும் உடனடியாக ஒரு குழுவை அமைத்தார். குழுவில் மார்க் அண்ணனைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

"ஐயா, குழு வேண்டாங்க," என்றார் மார்க் அண்ணன். "இந்தப் பொண்ணு மூணு வருஷமும் இங்கதான் படிச்சா, பட்டம் வாங்கிட்டான்னு கல்லூரித் தாள்ல எழுதி நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க."

"போடறதுக்கு என்ன, பத்து கையெழுத்துகூடப் போடுவேன். யார் நம்புவாங்க? நேத்து ஒரு விரிவுரையாளர் வேலைக்கு வந்தார். அவரோட கல்லூரி முதல்வர் கைப்பட எழுதின கடிதம் கொண்டுவந்தார். எனக்கு நல்லாத் தெரிஞ்ச மனுஷன், என்கூடப் படிச்சவர். நானே நம்பலையே. சிஸ்டத்துல பார்த்துட்டுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன்."

"அப்போ இந்தக் கம்பெனியே வேண்டாம்னு விட்டுடலாமேங்க."

முதல்வர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "விடறதுன்னா நம்ம பதிவெல்லாம் வெளியே எடுக்கணும். வெளியே எடுக்கணும்னா அவங்க எடுத்துக் கொடுக்கணும். அவங்க வாடிக்கையாளருக்கு மட்டும்தான் எடுத்துக் கொடுப்பாங்க. வாடிக்கையாளரா இருக்கணும்னா விடக்கூடாது. இதை நான் கண்டுபிடிக்கவே இவ்வளவு நாள் ஆச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய கணினியில் மணி ஒலித்தது. எட்டிப் பார்த்தவரின் முகம் வெளிறிப் போனது. மகிழ்ச்சியான செய்தி ஒன்று வந்திருந்தது. ஆரஞ்சை ஊதா வாங்கிவிட்டது.

மூன்றாவது விழாவுக்கு ஊதா நிறுவனம் அளவு கொடுத்தனுப்பியிருந்தது. அந்த அளவில் செய்த சாவி அரங்க வாசலில் நுழையவில்லை. குறுக்கே சாய்த்துப் பார்த்தோம், படுக்கவைத்துப் பார்த்தோம். கடைசியில் சாவியை நடைபாதையிலேயே போட்டுவிட்டு, அது உள்ளே இருப்பதாக வைத்துக்கொண்டு விழாவைத் தொடங்கினோம். மாணவர்கள் அதைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார்கள்.

சிரிப்பு மேலாளர் ஊதாக் கழுத்துப்பட்டையில் வந்தார். எல்லோரையும் முதல் முறையாகச் சந்தித்தார். மேடையேறி எதுவும் மாறாது என்று சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"எங்க எல்லாக் கல்லூரிகள்லயும் சிறந்த தொடர்பாளர் யாருன்னு தேடினோம். ஒருத்தர் கிடைச்சார். மூணு நிறுவனம் கைமாறியிருக்கு, ஒரு தடவைகூட அவர் புகார் சொல்லலை, கோபப்படலை, ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பலை. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களை நம்பித்தான் நாங்க தொழில் பண்றோம். அவர் உங்க கல்லூரியோட கணினி அதிகாரி."

அரங்கம் கைதட்டியது. தெரியாத மாணவர்கள் ஆர்வத்தில் தட்டினார்கள், தெரிந்த நாங்கள் பழக்கத்தில் தட்டினோம். விருது பெறுபவர் நீண்ட விடுப்பில் இருப்பதால் அவர் சார்பில் மார்க் அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். அவர் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டார். இறங்கி வரும்போது அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

விழா முடிந்ததும் அக்கா மகளை அழைத்துக்கொண்டு சிரிப்பு மேலாளரை நடைபாதையில் மடக்கினார் மார்க் அண்ணன். மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அவள் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். எந்தத் தேதிக்கு முந்திய பதிவு எங்கே இருக்கிறது, அதை ஏன் மற்றது பார்க்க முடியவில்லை, நடுவில் எந்த எண் அறுந்துபோனது என்பதையெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் முடிவு சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுதும்மா," என்றார் மேலாளர். "ஆனா ஊதாவுக்கு ஆரஞ்சுப் பதிவு மட்டும்தான் வரும். நீலத்தை இந்த மாசத்தோட அழிக்கிறோம்."

"அழிச்சிட்டா நான் படிச்ச முதல் ரெண்டு வருஷம்?"

"அது உங்க மனசுல எப்பவும் இருக்கும்மா."

மார்க் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கத் துணியைத் தேடினார், கையில் கோப்பை இருந்ததால் முடியவில்லை.

"ஒரு வழி இருக்கு," என்றார் மேலாளர். "முதல் வருஷத்துல புதுசா சேர்ந்துடுங்க. ஊதாவுல சுத்தமான பதிவா உருவாகும். இன்னொரு விஷயம். புகார் ஒண்ணு திறந்திருக்குன்னு சொன்னீங்களே, அது நல்லது. புகார் திறந்திருக்கிற பதிவை அழிக்க மாட்டாங்க, தனியா எடுத்து வெச்சிருப்பாங்க. வாரா வாரம் கூப்பிட்டு, பிரச்சினை இன்னும் இருக்குன்னு மட்டும் சொல்லிட்டே இருங்க. விட்டீங்கன்னா தானா மூடிக்கும்."

"மத்தப் பிள்ளைங்களுக்கும் அப்படிப் புகார் கொடுக்கலாமா?" என்றார் மார்க் அண்ணன்.

"ஒரு தொடர்பாளர் பேர்ல ஒரு புகார்தாங்க திறந்திருக்க முடியும்."

போகப் போனவர் நின்று அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தார். "எங்க சிஸ்டத்தை எங்க ஆளுங்ககூட இவ்வளவு தெளிவா எனக்கு விளக்கினதில்லைம்மா. உதவி மையத்துக்கு ஆள் எடுக்கிறோம். வர்றியா?"

"என் சான்றிதழைச் சரிபார்க்க முடியாதே சார்."

"எங்ககிட்ட அந்த வழக்கமே கிடையாதும்மா. எங்க சிஸ்டத்துல சரிபார்த்துதான் ஆள் எடுக்கணும்னா நாங்க இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட எடுத்திருக்க முடியாது," என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த சாவியைத் தாண்டிக்கொண்டு போனார்.

மாதம் முடிந்தது. மருத்துவமனை அம்மாள் தாமே தொலைபேசியில் அழைத்து, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பதிவு சரியானால் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது கட்டாயம் வரச் சொன்னார். அக்கா தம்பியைப் பார்க்கத் தேர்வுப் பிரிவுக்கே வந்துவிட்டார். எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நீதானேடா அவ மார்க்கை எல்லாம் உன் கையால ஏத்தின? உன் கண்ணால பார்த்ததை இல்லன்னு ஒரு பொட்டி சொல்லுது, நீயும் சும்மா உட்கார்ந்திருக்க."

"நான் என்னக்கா பண்ணட்டும்," என்றார் மார்க் அண்ணன்.

அக்கா மகள் உதவி மையத்தில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சும்மா இருப்பதற்கு அது தேவலை என்றாள். மார்க் அண்ணன் வாரா வாரம் உதவி எண்ணை அழைத்தார். புல்லாங்குழல் கேட்பார், யாராவது எடுப்பார்கள், புகார் எண்ணைச் சொல்வார், "பிரச்சினை இன்னும் இருக்குங்க" என்பார். ஒரு மனிதர் தன் அக்கா மகளின் படிப்பை இப்படி வாரம் ஒரு முறை ஊதி ஊதி அணையாமல் பார்த்துக்கொண்டார். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் போர்வைக்குள்ளிருந்து அழைத்ததாக அவர் வீட்டில் சொன்னார்கள். அத்தனை முறை அழைத்தும் அவள் குரல் ஒருநாளும் வந்ததில்லை. அந்த மையம் அவ்வளவு பெரியது.

போன வாரம் அந்தக் குரல் வந்தது.

"வணக்கம். உங்கள் வெற்றியே எங்கள் வெற்றி. நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

எங்கள் இருவருக்கும் உடனே தெரிந்துவிட்டது. மார்க் அண்ணன் ஒலிபெருக்கியை அணைக்கக் கையை நீட்டி, பதற்றத்தில் எதையோ அழுத்தினார், அது அணையவில்லை.

"அம்மாடி, நான்தான்."

"அழைப்பு பதிவாகுதுங்க ஐயா," என்றாள் அவள். "உங்க புகார் எண்ணைச் சொல்லுங்க."

அவர் சொன்னார். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் தன்னுடைய புகாரைத் தானே படித்தாள். கற்றல் நுகர்வோர் ஒருவரின் இரண்டு பதிவுகளை இணைக்க வேண்டும். தொடர்பாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. படிக்கும்போது குரல் எங்கும் தடுமாறவில்லை.

"இந்தப் புகார் ரொம்ப காலமா திறந்திருக்குங்க ஐயா. மூடிடலாமா?"

"மூடறதா? பிரச்சினை இன்னும் இருக்கேம்மா. தொடர்பாளர் ஒப்புதல் இல்லாம எப்படி மூடுவாங்க?"

"பதிவை இணைக்கிறதுக்குத்தாங்க ஒப்புதல் வேணும். மூடறதுன்னா பேசறவர் யாரா இருந்தாலும் சரின்னு சொன்னா போதும்."

"மூடிட்டா நீலத்துல இருக்கிறது?"

"அழிஞ்சிடுங்க."

அந்தப் பக்கம் பின்னணியில் ஏகப்பட்ட குரல்கள், எல்லோரும் யாருக்கோ எப்படி உதவட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் குரல் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டது போல அடங்கி வந்தது.

"மாமா, இந்த மாசம் நான் ஒரு புகாரைக்கூட மூடலை. எப்படி மூடுவேன், எதையும் சரிபண்ற வழியே இங்க இல்லையே. இன்னைக்குள்ள ஒண்ணாவது மூடலன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. வேற யாரையும் சரின்னு சொல்ல வைக்க எனக்கு மனசு வரலை. பாவம், எல்லாருக்கும் நிஜமான பிரச்சினை."

"உன்னோடதும் நிஜம்தானேம்மா."

"ஆமா மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் விடைத்தாள் கட்டைப் பார்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"மூடிடும்மா," என்றார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா," என்றாள் அவள். குரல் மறுபடி பளிச்சென்று ஆகிவிட்டது. "உங்கள் பிரச்சினை முழுமையாகத் தீர்ந்துவிட்டது என்றால் எண் ஒன்றை அழுத்தவும். தீரவில்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

மார்க் அண்ணன் கண்ணாடி இல்லாமல் குனிந்து, எண்களைக் கிட்டத்தில் வைத்துத் தேடி, தப்பாகிவிடக் கூடாதே என்று விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஒன்றை அழுத்தினார்.